மைக்கேல் கேட்காத மன்னிப்பு

கெலுகோரில் மைக்கேல் குடியிருக்கும் அடுக்குமாடியில் பட்டப்பகலிலும் சன்னலுக்குத் திரை போட்டிருக்கும் வீடு எதுவென்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். வெளியிலிருந்து யாராவது பார்த்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. எதிரே இருப்பது கார்கள் நிற்கும் வெற்றிடம்தான். "காடி நிறுத்துறவன் நிமிர்ந்து பார்க்கமாட்டானா?" என்பார்.

பொட்டலம் ஏதும் வந்தால் அதன்மேல் ஒட்டியிருக்கும் பெயரையும் முகவரியையும் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். மின்கட்டண ரசீதைச் சுக்குநூறாகக் கிழித்து, பாதியை இந்த வாரமும் மீதியை அடுத்த வாரமும் எறிவார். எவனும் பொறுக்கியெடுத்து ஒட்டவைத்துவிடக் கூடாதாம். மகள் பிரிஸில்லாவுக்கு எங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு ரோஹானா ஆசையாகக் கேட்டபோது, "ஒரு கம்பெனியில்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தியவர்.

இப்படிப்பட்ட மனிதர் முகநூலில் மட்டும் மடை திறந்த வெள்ளம். காலையில் என்ன பசியாறினார், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, மூலத்துக்கு எந்தக் களிம்பு நன்றாக வேலை செய்கிறது, புக்கிட் தெங்காவில் அவர் மேற்பார்வையாளராக இருக்கும் தொழிற்சாலையில் யார் சரியில்லை, எல்லாம் அதில் இருக்கும். போன டிசம்பரில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போனபோது, பூட்டிய வீட்டுக் கதவைப் படம்பிடித்துப் போட்டு, "ஞாயிறுவரை நாங்கள் இல்லை. ஆண்டவரே, எங்கள் இல்லத்தைக் காத்தருளும்" என்று எழுதியிருந்தார். ஆண்டவர் காத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் கணக்கே வேறு. கைப்பேசிக்குக் கைரேகைப் பூட்டு இருக்கிறது. பூட்டுப் போட்ட பெட்டிக்குள் எழுதி வைப்பது எப்படி வெளியே போகும்?

மைக்கேலுக்கும் அவர் மைத்துனன் டெஸ்மண்டுக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. டெஸ்மண்ட், மனைவி அக்னஸுக்கு ஒரே தம்பி. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் கப்பல் சரக்கு ஏஜென்ட் ஆபீசில் வேலை. பேச ஆரம்பித்தால் நிறுத்த மறந்துவிடும் ஆள். மைக்கேல், அக்னஸ் தம்பதியின் வெள்ளிவிழாவை மாதா கோயில் மண்டபத்தில் கொண்டாடியபோது யாரோ அவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவன் சொன்ன கதை இது: பெண் பார்க்க வந்த அன்று மைக்கேல் வாசலுக்கு வரும் அவசரத்தில் லோங்காங்கில் விழுந்துவிட்டார். கால்சட்டையெல்லாம் சாக்கடை. வேறு வழியில்லாமல், மாமனாராகப் போகிறவரின் கைலியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைச் சேர்த்துப் பிடித்தபடியே பெண் பார்த்தார்.

மண்டபமே சிரித்தது. சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்னஸும் சிரித்தாள். மைக்கேல் மட்டும் கேக்கை வெட்டிய கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என் சொந்த விஷயத்தை மைக் போட்டு ஊருக்குச் சொல்லிட்டான்" என்றார். அன்றோடு சரி. அதன்பிறகு டெஸ்மண்ட் வந்தால் மைக்கேல் வெளியே போவார். கிறிஸ்துமஸுக்கு அக்னஸ் தனியாகத்தான் படகேறித் தம்பி வீட்டுக்குப் போவாள்.

இந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள், மைக்கேலின் முகநூலில் ஒரு கேள்வி விளையாட்டு வந்தது. 'முற்பிறவியில் நீங்கள் எந்த அரசவையில் என்னவாக இருந்தீர்கள்?'

"நமக்கு ஏதுங்க முற்பிறவி?" என்றாள் அக்னஸ், எட்டிப் பார்த்து. "சாமியார் கேட்டா என்ன சொல்வார்?"

"சும்மா வெளையாட்டு லா."

பிறந்த தேதியைக் கேட்டது. கொடுத்தார். தாயார் பெயர் கேட்டது. கொடுத்தார். முதன்முதலில் வளர்த்த நாயின் பெயர், கைப்பேசி எண், படித்த பள்ளி, எல்லாவற்றையும் கேட்கக் கேட்கக் கொடுத்தார். கடைசியாக, முடிவைக் காண முகநூல் கடவுச்சொல்லை இன்னொரு முறை இடுங்கள் என்றது. இட்டார். சக்கரம் சுற்றியது. 'நீங்கள் மாமன்னரின் சேனாதிபதி' என்று, மீசையும் வாளுமாக ஒரு படம் வந்தது. மைக்கேலுக்கு அது கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை. தொழிற்சாலையில் தன் சொல்லுக்கு ஆட்கள் நடுங்குவதற்கு இப்படி ஏதாவது காரணம் இருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார்.

மறுநாள் காலையில் முகநூல் திறக்கவில்லை. கடவுச்சொல் தவறு என்றது. Agnes என்று அடித்தார், AGNES என்று அடித்தார், கோபத்தில் டெஸ்மண்ட் பெயரைக்கூட அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை.

பிரிஸில்லாவிடம் சொல்லியிருந்தால் அரைமணி நேர வேலை. அவள் பாயான் லெப்பாஸில் கணினிப் பாதுகாப்பு பார்க்கும் கம்பெனியில்தான் இருக்கிறாள். ஆனால் "டேடி, கண்ட கண்ட வெளையாட்டுல பாஸ்வேர்ட் போடாதீங்க" என்று அவள் பலமுறை சொன்னபோதெல்லாம், "நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் உலகத்தைப் பார்த்தவன்" என்று பதில் சொல்லியிருக்கிறார். இப்போது போய் எப்படிக் கேட்பது? ஆகவே காலை கோப்பியின்போது, "நான் பேஸ்புக்கை விட்டுட்டேன். தவக்காலம் மாதிரி வெச்சுக்கோங்க" என்று அறிவித்தார்.

"தவக்காலம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சுங்க" என்றாள் அக்னஸ்.

"நான் லேட்டா ஆரம்பிக்கிறேன்."

இரண்டு நாள் அமைதியாகப் போயிற்று. வியாழக்கிழமை தொழிற்சாலையில், அவருக்குக் கீழே வேலை செய்யும் ராமதாஸ், என்றைக்கும் இல்லாத திருநாளாக ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றோடு வந்து அவர் மேசைமேல் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, நேத்து என் பொறந்த நாளுக்கு நீங்க எழுதினதைப் படிச்சு வீட்டுக்காரி அழுதுட்டா. மெஷின் நின்னுபோனப்போ எல்லார் முன்னாடியும் என்னைக் கத்தினீங்கல்ல, அதை இன்னும் மனசுல வெச்சு வருத்தப்படுறீங்கன்னு எனக்குத் தெரியாதுண்ணே."

மைக்கேல் வருத்தப்படவில்லை. அந்த மெஷின் நின்றதற்கு ராமதாஸ்தான் காரணம் என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகமும் இல்லை. ஆனால் நாசி லெமாக் சூடாக இருந்தது. "ம்... சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றார்.

சாயந்திரம் வீட்டு வாசலில் ரோஹானா ஒரு தட்டில் கூய் பலகாரத்தோடு நின்றாள். தன் மகன் கல்யாணப் படங்களுக்கு மைக்கேல் அவ்வளவு அழகாக வாழ்த்து எழுதியதற்கு நன்றி என்று மலாயில் சொன்னாள். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவரைத் தப்பாக நினைத்துவிட்டதாகவும் சொன்னாள். மைக்கேல் தட்டை வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது?

அக்னஸ் குளிக்கப் போனதும் அவளுடைய கைப்பேசியை எடுத்து முகநூலைப் பார்த்தார். அங்கே மைக்கேல் இருந்தார். அவருடைய படம், அவருடைய பெயர், சேனாதிபதி மீசை எல்லாம் இருந்தன. ஆனால் எழுத்து அவருடையது இல்லை. எவனோ ஒருவன் அவருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, ஊரெல்லாம் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். நோயில் படுத்திருப்பவர்களை நலம் விசாரித்தான். கோயில் பாடகர் குழுவில் எப்போதும் சுருதி தப்புகிற கிழவரிடம், உங்கள் குரலில் பக்தி இருக்கிறது என்றான். எல்லாவற்றுக்கும் மேலே அக்னஸின் பழைய படம் ஒன்று. கீழே, 'இவள் என் வீட்டுக்கு வந்த நாள்முதல் எனக்கு எதுவும் குறைந்ததில்லை. சொல்லத் தெரியாமல் முப்பது வருடத்தைக் கழித்துவிட்டேன்' என்று எழுதியிருந்தது. கோயிலில் பாதிப் பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். அக்னஸ் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: 'நன்றிங்க.'

மைக்கேலுக்கு முதலில் பயம். பிறகு கோபம். பிறகு, வெளியே சொல்ல முடியாத ஒரு பொறாமை. திருடன் என்று கத்தலாம்தான். ஆனால் என்னவென்று கத்துவது? எவனோ என் பெயரில் நல்லவனாக இருக்கிறான், பிடியுங்கள் என்றா?

அன்றைய சாப்பாட்டில் அக்னஸ் பெரிய மீன் துண்டை அவர் தட்டில் வைத்தாள். தலையில் பூவும் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மைக்கேல் முள்ளை ஒதுக்கினார். வெள்ளிக்கிழமையும் மீன் பெரிதாகத்தான் இருந்தது. அன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை வீட்டு மணி அடித்தது. பிரிஸில்லா போய்க் கதவைத் திறந்தாள்.

"மாமா!" என்று அவள் கூவியதில், சமையலறையிலிருந்து அக்னஸ் கரண்டியோடு ஓடிவந்தாள்.

வாசலில் டெஸ்மண்ட் நின்றான். இரண்டு கையிலும் பாலிக் பூலாவ் தோட்டத்து டுரியான் பழங்கள். ஆறு வருடத்தில் தலை பாதி வழுக்கையாகியிருந்தது. மைக்கேல் வழக்கம்போல வெளியே போக எழுந்தார். ஆனால் வெளியே போகும் வழியில்தான் அவன் நின்றிருந்தான். டுரியானைக் கீழே வைத்துவிட்டு, அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அத்தான், ஒண்ணும் பேசாதீங்க. நீங்க எழுதினதே போதும். படகுல வர்றப்ப மறுபடி மறுபடி படிச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்துல இருந்த சீனக் கிழவி டிஷ்யூ எடுத்துக் குடுத்தா லா!"

"என்னா எழுதினேன்?" என்றார் மைக்கேல், அவன் தோளுக்குள்ளிருந்து.

"பாரேன் அக்கா, எவ்ளோ பெரிய மனசு. எழுதினதைக்கூடச் சொல்லிக்காட்ட மாட்டேங்கிறார்." டெஸ்மண்ட் கைப்பேசியை எடுத்து, மைக் இல்லாமலே மண்டபத்துக்குக் கேட்கும் குரலில் படித்தான். "'அன்புள்ள டெஸ்மண்ட், ஒரு சிறு நகைச்சுவையைப் பெருங்கோபமாக்கி இத்தனை ஆண்டுகளை வீணடித்துவிட்டேன். அன்று எல்லாரும் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். என் அகந்தை விடவில்லை. அந்தச் சாக்கடையில் விழுந்ததைவிட, உன்னை இழந்ததே என் பெரிய வீழ்ச்சி. மன்னிப்பாயா?'"

அக்னஸ் கரண்டியால் கண்ணைத் துடைக்கப் போய், முந்தானையால் துடைத்தாள். பிரிஸில்லா மட்டும் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "டேடி, 'அகந்தை'ன்னா என்னா?"

"அகந்தைன்னா... அகந்தைதான்" என்றார் மைக்கேல்.

நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாளிதழை விரித்து, டெஸ்மண்ட் டுரியானைப் பிளந்தான். மைக்கேலுக்கு அவனே முதல் சுளையை எடுத்துக் கொடுத்தான். பழம் கசப்பும் இனிப்புமாக அருமையாக இருந்தது. டெஸ்மண்ட் ஆறு வருடக் கதையையும் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தான். மைக்கேல் இரண்டு கையும் டுரியானாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இவனைப் பார்க்காமல் இருந்தது ஏன் என்று அந்த நேரத்தில் அவருக்கே சரியாக ஞாபகம் வரவில்லை. சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்தார். திருடன் செய்தது செய்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

டெஸ்மண்டின் கைப்பேசி சிணுங்கியது. சுண்டுவிரலால் தட்டிப் பார்த்தவன் சிரித்தான்.

"என்னா அத்தான் இது? எதிர்ல ஒக்காந்துக்கிட்டே மெசேஜ் போடுறீங்க?"

மூன்று பேரும் மைக்கேலின் கையைப் பார்த்தார்கள். மணிக்கட்டு வரை டுரியான். அவருடைய கைப்பேசி குளிர்சாதனப் பெட்டிக்குமேல் மின்னேற்றத்தில் கிடந்தது.

"'டெஸ்மண்ட், ஓர் அவசரம்'" என்று அவன் படித்தான். "'என் கைப்பேசியில் கோளாறு. உன் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று தவறுதலாக வந்திருக்கும். உடனே எனக்கு அனுப்பு. அன்புடன் அத்தான்.' ஆமா லா, வந்திருக்கு. ஏழு, ரெண்டு, ஒம்பது..."

"சொல்லாதே!" மைக்கேல் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "அனுப்பாதே டெஸ்மண்ட்! அது நான் இல்லே!"

"எது நீங்க இல்லே?"

"அந்த மெசேஜ்."

"ஓ." டெஸ்மண்ட் கைப்பேசியைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். "அப்போ மேல இருக்கிறது?"

"எது?"

"அகந்தை."

பொய் சொல்ல மைக்கேலுக்கு அந்த நேரத்தில் தெம்பில்லை. "அதுவும் நான் இல்லே" என்றார்.

டெஸ்மண்ட் எழுந்துபோய்த் தொட்டியில் கையைக் கழுவினான். டுரியான் ஓட்டில் நீர் ஊற்றிக் குடித்தான். அந்த நேரத்திலும் வாடை போக அதைச் செய்ய அவன் மறக்கவில்லை.

"வர்றேன்க்கா" என்றான்.

"டெஸ்மண்ட், இருடா" என்று அக்னஸ் கையைப் பிடித்தாள்.

"எதுக்குக்கா? எவனோ ஒரு ஸ்கேமர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கான். அவனை நான் மன்னிச்சிட்டேன். அவ்ளோதானே?"

அப்போது குளிர்சாதனப் பெட்டிமேல் இருந்த கைப்பேசி அலறியது. பிரிஸில்லா எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். ராமதாஸ்.

"அண்ணே! நீங்க கேட்டீங்கன்னு அந்த ஆறு நம்பரை அனுப்பினேன்ல? இப்போ என் வாட்சப் என்னையே வெளியே தள்ளிடுச்சுண்ணே! என் பேர்ல எல்லாருக்கும் மெசேஜ் போவுதாம். என் மாமியாருக்கு 'அன்புத் தாயே'ன்னு போயிருக்கு. அவங்க போலீசுக்குப் போறேங்கிறாங்க!"

மைக்கேல் வியாழக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் ராமதாஸுக்கு இது வந்திருக்காது. இரண்டு மீன் துண்டுக்காகவும் ஒரு தட்டுப் பலகாரத்துக்காகவும் ஊரையே திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பிரிஸில்லா," என்றார், "நான்தான் ஏமாந்துட்டேன். அந்த அரசவை வெளையாட்டுல பாஸ்வேர்டைப் போட்டுட்டேன். என்னா செய்யணும்னு சொல்லு."

அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. மடிக்கணினியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். "மொதல்ல தெரிஞ்சவங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லணும். மெசேஜ் போட்டா நம்பமாட்டாங்க. குரல் கேட்கணும். இப்பவே. நெறைய பேருக்கு."

மைக்கேல் டெஸ்மண்டைப் பார்த்தார். அவன் செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்தான்.

"டெஸ்மண்ட்," என்றார், "என்னை மாதிரி ஆள் பத்துப் பேருக்குச் சொல்றதுக்குள்ள அவன் நூறு பேரை முடிச்சிடுவான். நீ சொன்னாத்தான் ஊருக்குத் தெரியும்."

"என்னான்னு சொல்றது?"

"அத்தான் முட்டாள்தனமா ஏமாந்துட்டார்னு சொல்லு. ஒண்ணும் மறைக்காதே. சத்தமா சொல்லு."

டெஸ்மண்ட் செருப்பைக் கழற்றினான்.

அடுத்த ஒரு மணி நேரம் அந்த வீட்டில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்னஸின் கைப்பேசியிலும் தன்னுடையதிலும் மாறி மாறி டெஸ்மண்ட் கூப்பிட்டான். பாடகர் குழு, பங்குப் பேரவை, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள், யாரையும் விடவில்லை. "அத்தான் போன ஜென்மத்துல சேனாதிபதியாம் லா, அந்த ஆசையில பாஸ்வேர்டைக் குடுத்துட்டார்!" என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னான். மைக்கேல் சுவரோரம் நின்று ஒவ்வொரு முறையும் கேட்டார். மூன்றாவது தடவைக்கு மேல் அவ்வளவு வலிக்கவில்லை. ரோஹானாவிடம் மட்டும் தானே போய்க் கதவைத் தட்டி மலாயில் விளக்கினார். பலகாரத் தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். "அப்படியானால் என் மகன் கல்யாணப் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" என்று அவள் கேட்டாள். பிடித்திருந்தது என்று அவர் உண்மையாகவே சொன்னார்.

அதற்குள் பிரிஸில்லா அவருடைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்திருந்தாள். திறக்காத கடிதங்கள் மலைபோலக் குவிந்துகிடந்தன. அவற்றின் நடுவே, 'உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளது. மாற்றியது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள்' என்று ஒன்று செவ்வாய்க்கிழமையிலிருந்தே காத்துக்கிடந்தது. அழுத்தினாள். அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது, அனுப்பினாள். காத்திருந்தார்கள். கணக்கு திரும்பி வந்ததும் முதலில் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினாள். புதுக் கடவுச்சொல் போட்டாள். யார் நுழைந்தாலும் மைக்கேலின் கைப்பேசியைக் கேட்காமல் விடாதபடி இரண்டாவது பூட்டையும் போட்டாள். ராமதாஸைக் கூப்பிட்டு, அவனுடைய வாட்சப்பை மீட்கவும் வழி சொன்னாள். மறுநாள்தான் திறக்கும் என்று தெரிந்ததும், "ஒரு நாள் மாமியார் தொல்லை இல்லாம இருக்கலாம்" என்று அவனும் ஒருவழியாகச் சிரித்தான்.

"டேடி, இங்க வாங்க." அவள் திரையைக் காட்டினாள். "நீங்க எழுதின ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல குட்டியா இது இருக்கே, இது என்னான்னு நெனச்சீங்க?"

மைக்கேல் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "பூமி உருண்டை."

"எதுக்கு வெச்சிருக்காங்க?"

"அழகுக்கு."

"பூமியில இருக்கிற எல்லாரும் பார்க்கலாம்னு அர்த்தம் டேடி."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மூலக் களிம்பு நினைவுக்கு வந்தது.

"அந்தத் திருடனுக்கு மாமா சண்டை எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிச்சீங்களா?" அவள் பின்னோக்கி நகர்த்தினாள். ஒவ்வொரு வருடமும் வெள்ளிவிழா நடந்த அதே தேதியில், 'சிலர் கையில் மைக்கைக் கொடுத்தால் பிறர் மானம் மிஞ்சாது' என்று மைக்கேல் எழுதியிருந்தார். என்ன நடந்தது பிரதர் என்று யாரோ கேட்டிருந்தார்கள். டெஸ்மண்ட் செய்த அநியாயம் அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று, லோங்காங்கிலிருந்து கைலிவரை ஒன்று விடாமல் அவரே விளக்கியிருந்தார். முழங்காலைச் சேர்த்துப் பிடித்ததுகூட இருந்தது. மணிலாவிலிருந்து ஒருவர் அதற்குச் சிரிப்புப் படம் போட்டிருந்தார்.

டெஸ்மண்ட் தோளுக்குமேல் எட்டிப் படித்தான். "நான் மண்டபத்துக்கு மட்டும்தான் சொன்னேன் அத்தான்" என்றான்.

பிரிஸில்லா ஒவ்வொன்றிலும் உருண்டையை எடுத்துவிட்டு, நண்பர்கள் மட்டும் என்று மாற்றினாள். நண்பர்களில் பாதிப் பேர் யாரென்றே மைக்கேலுக்குத் தெரியவில்லை. அவர்களையும் நீக்கினாள். திருடன் எழுதியவற்றை அழித்துக்கொண்டே வந்தவள் அக்னஸின் படத்தில் நின்றாள்.

"இதையும் அழிக்கவா?"

மைக்கேல் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "அதுவும் நான் எழுதலே, அக்னஸ்."

"எனக்குத் தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லையே!" அக்னஸ் டுரியான் ஓடுகளை நாளிதழில் சுருட்டினாள். "தெரிஞ்சும் ஏன் சொல்லலேன்னு கேட்காதீங்க. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டேன். அழிச்சிடும்மா. வேணும்னா உங்க டேடி பிழையோட எழுதுவார்."

டெஸ்மண்ட் போகும்போது கைகுலுக்கவில்லை. "நாளைக்கு போலீஸ் ரிப்போர்ட்டுக்குச் சாட்சி வேணும்ல? பூசை முடிஞ்சு வர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காவல் நிலையத்தில் கார்ப்ரல் இக்மல் என்ற இளைஞர் புகாரைத் தட்டச்சு செய்தார். பேச்செல்லாம் மலாயில். டெஸ்மண்ட் தன் கைப்பேசியில் வந்த செய்திகளை மேசைமேல் வைத்தான். எது புகார்தாரர் அனுப்பியது, எது சந்தேக நபர் அனுப்பியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார் இக்மல்.

"ஆறு இலக்கம் கேட்டது?"

"திருடன்" என்றார் மைக்கேல்.

"அதற்கு மேலே, இந்த நீளமானது? இது என்ன சொல்கிறது?"

டெஸ்மண்ட் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மைக்கேல் அதை வரிவரியாக மலாயில் சொன்னார். அகந்தைக்குச் சொல் தேடிச் சற்றுத் திணறினார். சொல்லி முடித்துவிட்டு, "இது என்னுடையது என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

இக்மல் விரலை நிறுத்தி மரியாதையாகச் சொன்னார். "என்சிக், கணக்கு செவ்வாய்க்கிழமையே பறிபோய்விட்டது என்றீர்கள். இது வியாழக்கிழமை வந்திருக்கிறது."

"ஆமாம்."

"அப்படியானால் இதை நீங்கள் அனுப்பியிருக்க முடியாது."

"அனுப்பியது நான் இல்லை. ஆனால் இது என்னுடையதுதான்."

"அப்படி எழுத முடியாது என்சிக். வழக்கு குழம்பிவிடும்."

"ஆறு வருடமாக நான் எழுதியிருக்க வேண்டியதை அவன் எழுதிவிட்டான். அவ்வளவுதான். அவன் கெட்டவன்தான். பிடித்தால் உள்ளே போடுங்கள். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை." மைக்கேல் மைத்துனன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "அவன் மாதிரி எனக்கு எழுத வராது டெஸ்மண்ட். எனக்குக் கத்தத்தான் வரும். தப்பு என்மேலதான்."

டெஸ்மண்டின் முதுகு குலுங்கியது. அழுகிறானோ என்று மைக்கேல் பயந்தார். திரும்பியபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

"திருடனே பரவாயில்லே அத்தான். உன்னை இழந்ததுன்னெல்லாம் சொன்னான்."

"அதையும் சேர்த்துக்கோ."

இக்மலுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் பின்னால் வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் பெருமூச்சு விட்டு, யோசித்து, மெல்லத் தட்டச்சு செய்து, படித்துக் காட்டினார். "மேற்படி மன்னிப்புச் செய்தியைச் சந்தேக நபரே அனுப்பினார். எனினும் அதன் உள்ளடக்கத்தைப் புகார்தாரர் முழுமையாக ஒப்புக்கொள்கிறார். போதுமா?"

"போதும்" என்றார் மைக்கேல். கையெழுத்துப் போட்டார்.

"எனக்கு ஒரு நகல் வேண்டும்" என்றான் டெஸ்மண்ட்.

"நகல் புகார்தாரருக்கு மட்டும்தான்."

அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. இக்மல் அதில் முத்திரை குத்தி நீட்டினார். மைக்கேல் வாங்கி, ஈரம் காய ஊதி, இரண்டாக மடித்து, மைத்துனனின் சட்டைப் பையில் வைத்தார்.